கலத்தைப் பிரித்தலும் பார்த்தலும்

உயிருள்ள பொருள்கள் யாவும் கலங்களால் ஆனவை என்பது இன்று பாடசாலைச் சிறுவரும் அறிந்த செய்தி. வாழையின் இலையும், மீனின் தசையும், நம்முடைய ஈரலும் மூளையும் கலங்களின் கூட்டங்களே. ஆனால், கலத்துக்குள் இருப்பவை எவை, அவற்றுள் எது எந்தத் தொழிலைச் செய்கிறது என்னும் வினாவுக்குத் தக்க விடை கிடைப்பதற்கு, கலம் முதன்முதலாகக் கண்ணுக்குப் புலப்பட்ட நாளிலிருந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றன. அந்த விடையை ஆய்வுகூடத்தில் எவ்வாறு பெற்றார்கள், பெற்ற விடை மெய்யானது என்று எவ்வாறு தெளிந்தார்கள் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த றொபேட் ஹூக் என்பவர் தக்கையை மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். தேன்வதையின் அறைகளைப் போன்ற சிறு சிறு அறைகள் தெரிந்தன. அவர் கண்டவை உயிர் நீங்கிய கலங்களின் வெறுஞ் சுவர்கள். 1831இல் றொபேட் பிறவுண் என்னும் தாவரவியலார் கலத்தின் நடுவே காணப்படும் உருண்டையான கருவைச் சிறப்பாக எடுத்துரைத்தார். 1838இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839இல் ஷ்வான் விலங்குகளுக்கும் கலமே அடிப்படை அலகு என்னும் கொள்கையை நிறுவினார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில், சாயங்களை ஊட்டிப் பார்த்தவர்கள் கருவைச் சூழ்ந்த குழியவுருவில் நூல் போன்றனவும் மணி போன்றனவுமான சில உருக்களைக் கண்டார்கள். அவற்றுக்கு 1898இல் பெண்டா என்பவர் இட்ட பெயரையே நாம் இழைமணி என்று தமிழில் வழங்குகிறோம். அதே ஆண்டில் இத்தாலியரான கமில்லோ கொல்கி, ஆந்தையின் நரம்புக் கலங்களில் வெள்ளி உப்பைப் படியவைத்து, வலைபோன்ற ஓர் அமைப்பைக் கண்டு வெளியிட்டார்.

இவ்வளவோடு கண்ணின் பயணம் நின்றுவிட்டது. அதற்குக் காரணம் வில்லை செய்தவர்களின் குறைபாடன்று. ஒளியின் இயல்பே காரணம். 1873இல் ஜேர்மானியரான ஏர்ணஸ்ற் அபே இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். கடற்கரை நீரில் நட்ட மெல்லிய கம்பு ஒன்றைப் பெரிய அலை பொருட்படுத்துவதில்லை. கம்பு இருந்த சுவடே தெரியாமல் அலை கடந்து சென்றுவிடுகிறது. பெரிய பாறையானால் அலை சிதறுகிறது. அதுபோல, ஒளியலையின் நீளத்திலும் மிகச் சிறிய பொருள்கள் ஒளியால் தெளிவாக அறியப்படமாட்டா. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நனோமீற்றர் வரையானது. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. எத்துணை நேர்த்தியான வில்லையைப் பயன்படுத்தினாலும், ஏறக்குறைய 200 நனோமீற்றரிலும் நெருங்கியிருக்கும் இரு புள்ளிகள் சாதாரண நுணுக்குக்காட்டியில் ஒன்றாகவே தோன்றும். கலத்தினுள்ளே நடக்கும் தொழில்களில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு அப்பால் இருந்தன.

ஆகவே கலத்தை அறிய விரும்பியவர்களுக்கு இரண்டு வழிகளே எஞ்சின. ஒன்று, கலத்தை உடைத்து, அதன் உறுப்புக்களை வெவ்வேறாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று இரசாயன முறையாற் சோதிப்பது. மற்றது, ஒளியை விட்டு வேறொரு கதிரின் துணையோடு கலத்தைப் பார்ப்பது.

முதலாவது வழியை எடுத்துக்கொள்வோம். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மா எடுப்பதை நேயர்களுட் பலர் அறிவீர்கள். கிழங்கைத் துருவி, நீர்விட்டுப் பிசைந்து, சீலையில் வடித்து, வடித்த நீரை அசையாமல் வைக்கிறோம். சற்று நேரத்தில் வெண்மையான மா அடியிற் படிகிறது. மேலே நிற்கும் நீரை மெதுவாக இறுத்துவிடுகிறோம். இதில் நடந்தது என்ன? துருவுகையில் கலங்களின் சுவர்கள் கிழிந்தன. சீலை நார்களைத் தடுத்தது. கலத்துக்குள் இருந்த மாமணிகள் பாரமுள்ளவையாதலால் அடியில் வந்து அமர்ந்தன. கலத்தின் உறுப்பு ஒன்றைப் பிரித்தெடுக்கும் முறையின் சாரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஆய்வுகூடத்திலும் இவ்வாறே தொடங்கினார்கள். 1869இல் பிரீட்ரிக் மீஷர் என்னும் இளைஞர், ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிலையத்திலிருந்து சீழ் தோய்ந்த கட்டுத்துணிகளை வாங்கி, அவற்றில் ஒட்டியிருந்த வெண்கலங்களைக் கழுவியெடுத்தார். பன்றியின் இரைப்பையிலிருந்து பெற்ற சமிபாட்டுச் சாற்றினால் குழியவுருவைக் கரைத்து, கருக்களை மட்டும் அடியிற் படியச் செய்தார். அக்கருக்களில் பொசுபரசு மிகுந்த ஒரு புதுப்பொருள் இருக்கக் கண்டு அதற்கு நியூக்கிளீன் என்று பெயரிட்டார். பரம்பரைச் செய்தியைச் சுமப்பதாகப் பின்னாளில் உலகம் அறிந்த நியூக்கிளிக்கமிலம் அதுவே. ஒருவர் வேண்டாமென்று எறிந்த துணியிலிருந்து இத்தகைய பொருள் கிடைத்தது.

ஆனால் கருவிலும் சிறிய உறுப்புக்கள் தாமாகப் படிவதில்லை. ஒரு துணிக்கை நீரில் அமிழும் வேகம் அதன் ஆரையின் வர்க்கத்தைப் பொறுத்தது. அளவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும். புவியின் ஈர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பொருள் அழுகிவிடும். எனவே ஈர்ப்பைப் பெருக்கும் ஒரு கருவி வேண்டியதாயிற்று. அதுவே மையநீக்கி. நீர் நிறைந்த வாளியைக் கயிற்றிற் கட்டித் தலைக்கு மேலாகச் சுழற்றினால் நீர் சிந்துவதில்லை. வாளியின் அடியை நோக்கி அது அழுத்தப்படுகிறது. குழாய்களை அவ்வாறு கடுவேகமாகச் சுழற்றும் பொறியே மையநீக்கி. சுவீடன் தேசத்தில் உப்சாலா நகரத்துத் தியோடர் ஸ்வெட்பேர்க் 1920களில் அமைத்த மீவேக மையநீக்கி இத்துறையில் ஒரு திருப்பமாக அமைந்தது.

இந்தக் கருவியைக் கொண்டு கலத்தின் உள்ளுறுப்புக்களை முறையாகப் பிரித்தவர் அல்பேட் குளோட். பெல்ஜியத்தின் சிற்றூர் ஒன்றிற் பிறந்த இவர் 1929இல் நியூயோர்க் நகரத்து றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். கலத்தை ஆராய வேண்டும் என்று அவர் அங்கே தொடங்கவில்லை. கோழிக்கு வரும் ஒருவகைப் புற்றுக்கட்டியின் காரணியைத் தேடியே தொடங்கினார். அக்கட்டியை அரைத்த சாற்றைக் கடுவேகத்தில் சுழற்றியபோது அடியிற் படிந்த வண்டல், முன்னைய சாற்றிலும் பன்மடங்கு வலுவாகக் கட்டியை உண்டாக்கியது. தேடிய பொருள் கைக்குள் வந்துவிட்டதென்று பலரும் மகிழ்ந்திருப்பார்கள். குளோட் மகிழ்வதற்கு முன் இன்னொரு சோதனை செய்தார். நோயில்லாத கோழிக்குஞ்சின் கருவுயிரை எடுத்து அதே முறையில் அரைத்துச் சுழற்றினார். அங்கேயும் ஏறத்தாழ அதே அளவும் அதே இரசாயன அமைப்பும் உடைய துணிக்கைகள் படிந்தன. அப்படியானால் வண்டலின் பெரும்பகுதி நோய்க் காரணியன்று. நலமுள்ள ஒவ்வொரு கலத்திலும் உள்ள ஏதோ ஒரு பகுதி. அவற்றுக்கு மைக்குரோசோம், அஃதாவது நுண்ணுடல், என்று 1943இல் பெயரிட்டார்.

இனி அவர்கள் வகுத்த முறையைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். பெரும்பாலும் எலியின் ஈரலையே எடுப்பார்கள். அது மென்மையானது, ஒரே வகைக் கலங்கள் மிகுந்தது. ஈரலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, பனிக்கட்டியில் வைத்துக் குளிர்ந்த கரைசலில் இட்டு, கண்ணாடிக் குழாய் ஒன்றினுள் அதற்கு மட்டாகப் பொருந்தும் உலக்கையைச் சுழற்றி மெதுவாக உடைப்பார்கள். உலக்கைக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையேயுள்ள நெருங்கிய இடைவெளியில் கலங்கள் கிழிகின்றன. உள்ளுறுப்புக்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. குளிர் எதற்கு என்றால், கலம் உடைந்ததும் அதன் நொதியங்கள் கட்டவிழ்ந்து தம் வீட்டையே அழிக்கத் தொடங்கும். குளிர் அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது.

பின்னர் அந்தக் கூழைப் படிப்படியாகச் சுழற்றுவார்கள். புவியீர்ப்பைப் போல் 600 மடங்கு முதல் 1,000 மடங்கு வரையான விசையில் பத்து நிமிடம் சுழற்றினால் கருக்களும் உடையாத கலங்களும் படியும். மேல்நீரை வேறு குழாய்க்கு மாற்றி ஏறக்குறைய 10,000 மடங்கு விசையிற் சுழற்றினால் இழைமணிகள் படியும். மீண்டும் மேல்நீரை எடுத்து 100,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரம் சுழற்றினால் மைக்குரோசோம்கள் படியும். இறுதியில் எஞ்சுவது கரைந்த புரதங்களைக் கொண்ட தெளிந்த நீர். இவ்வாறு ஓர் ஈரல் நான்கு கூறுகளாகிறது. குளோட் 1946இல் இம்முறையை அளவுகளோடு வெளியிட்டார். ஒவ்வொரு கூறிலும் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று அளந்து, நான்கையும் கூட்டினால் தொடக்கத்தில் இட்ட அளவு வரவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கடைக்காரர் மாலையில் கணக்கை முடித்து வைப்பது போன்ற இந்த ஒழுங்கே பின்னர் வந்த வெற்றிகளுக்கெல்லாம் அடித்தளமாயிற்று.

ஒரு குறை மட்டும் இருந்தது. உப்பு நீரில் உடைத்தபோது இழைமணிகள் தம் நீண்ட வடிவை இழந்து உருண்டைகளாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வெறும் நீரில் இட்டால் ஊதி வெடித்தன. 1948இல் ஹோகபூம், ஷ்னைடர், பலாடே என்னும் மூவரும் உப்பை விடுத்துச் சர்க்கரைக் கரைசலைப் பயன்படுத்தினார்கள். ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 300 கிராம் சர்க்கரை கரைந்த தடித்த பாகு அது. அதில் இழைமணிகள் கோல் வடிவம் மாறாமல் வெளிவந்தன. உயிருள்ள கலத்தில் இழைமணிகளுக்கு மட்டுமே நீலப்பச்சை நிறமூட்டும் சாயம் ஒன்று உண்டு. பிரித்தெடுத்த கோல்களும் அந்தச் சாயத்தை ஏற்றன. பிற்காலத்தில் இதனிலும் நீர்த்த, லீற்றருக்கு ஏறக்குறைய 86 கிராம் கொண்ட கரைசலே பெருவழக்காயிற்று. அக்காலத்தை ஒட்டியே அமெரிக்காவில் கெனடியும் லெனிஞ்சரும், உணவிலிருந்து சக்தியைப் பெறும் ஒட்சியேற்றத் தாக்கங்களின் இருப்பிடம் இழைமணியே என்று நிறுவினார்கள். சமையலறைச் சர்க்கரை ஒரு பெரிய வாயிலைத் திறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இனி இரண்டாவது வழியைப் பார்ப்போம். ஒளியலை பெரிதாயிருப்பதுதான் தடையென்றால், சிறிய அலையைத் தேடவேண்டும். ஓடும் இலத்திரனுக்கும் அலை இயல்பு உண்டு என்று 1924இல் டி புறோலி என்னும் பிரெஞ்சு அறிஞர் கூறினார். உயர்ந்த மின்னழுத்தத்தில் விரைந்தோடும் இலத்திரனின் அலைநீளம் ஒளியினதிலும் ஓர் இலட்சம் மடங்கு அளவிற் குறைந்தது. அதனைக் குவிப்பதற்குக் கண்ணாடி உதவாது. ஆனால் காந்தச் சுருள் உதவும். 1931இல் பேர்லின் நகரில் ஏர்ணஸ்ற் றுஸ்காவும் மக்ஸ் நொல்லும் காந்தச் சுருள்களை வில்லைகளாகக் கொண்ட முதலாவது இலத்திரன் நுணுக்குக்காட்டியை அமைத்தார்கள். 1933இல் றுஸ்கா அமைத்த கருவி ஒளி நுணுக்குக்காட்டியின் எல்லையைக் கடந்தது. அவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததோ 1986இல்.

கருவி வந்ததும் கலம் தெரிந்துவிடவில்லை. தடைகள் மூன்று இருந்தன. முதலாவதாக, இலத்திரன்கள் வெற்றிடத்திலேயே தடையின்றி ஓடும். வெற்றிடத்தில் நீர் நில்லாது. கலத்திலோ பெரும்பகுதி நீரே. இரண்டாவதாக, இலத்திரன்கள் தடித்த பொருளை ஊடுருவமாட்டா. மூன்றாவதாக, கலத்தின் பொருள்கள் காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் ஆகிய இலேசான மூலகங்களால் ஆனவை. அவை இலத்திரன்களைப் போதிய அளவு சிதறச்செய்யாததால் படத்தில் வேறுபாடு தோன்றாது.

இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்கியது பொறுமையான கைத்தொழில். திசுவை ஒஸ்மியம் நாலொட்சைட்டு என்னும் நச்சுப்பொருளின் கரைசலில் ஊறவைத்தார்கள். அது கலத்தின் கொழுப்பு மென்சவ்வுகளை இருந்த இடத்திலேயே பிணைத்து நிறுத்துவதோடு, பாரமான அணுவாதலால் இலத்திரன்களைச் சிதறடித்துக் கருங்கோடாகவும் காட்டும். அக்கரைசலின் அமிலத்தன்மையைச் சரியாகக் கட்டுப்படுத்தினால் கலம் சிதையாமல் நிற்கும் என்று 1952இல் பலாடே கண்டறிந்தார். பின்னர் அற்ககோலினால் நீரைச் சிறிது சிறிதாக அகற்றி, அதன் இடத்தில் திரவ நிலையிலுள்ள பிளாஸ்திக்கைப் புகுத்தி இறுகச் செய்வார்கள். இப்பொழுது திசு ஒரு கட்டியினுள் அடைபட்டிருக்கும். அதனைச் சீவ எந்த உருக்குக் கத்தியின் கூரும் போதாது. கண்ணாடித் தகட்டை உடைத்தால் உடைந்த விளிம்பு எத்துணைக் கூர்மையானது என்பதை அதனால் கை அறுபட்டவர் அறிவர். 1950இல் அந்த விளிம்பையே கத்தியாகக் கொண்டார்கள். 1953இல் கீத் போட்டரும் புளும் என்னும் கருவியாளரும் மிக நுண்ணிய சீவல்களை ஒழுங்காக வெட்டும் பொறியொன்றை வெளியிட்டார்கள்.

அந்தச் சீவலின் தடிப்பு 50 முதல் 100 நனோமீற்றர் வரையில் இருக்க வேண்டும். ஒரு தலைமயிரின் குறுக்களவை ஏறக்குறைய ஆயிரம் தாள்களாகச் சீவினால் ஒரு தாள் எவ்வளவு மெல்லியதாயிருக்குமோ அவ்வளவு. இதை அளப்பது எப்படி? கத்தியின் பின்னே சிறு தொட்டியில் நீர் நிற்கும். வெட்டப்படும் சீவல்கள் அதில் மிதக்கும். மழைநீரிற் சிந்திய எண்ணெய் பலநிறம் காட்டுவது போல, சீவலும் தன் தடிப்புக்கேற்ப நிறங்காட்டும். வெள்ளி நிறமானால் கொள்ளலாம். பொன்னிறமானால் சற்றுத் தடிப்பு. ஊதாவானால் எறிந்துவிட வேண்டியதுதான். இந்நாளிலும் சீவல் வெட்டுவோர் நிறத்தைப் பார்த்தே தடிப்பை மதிப்பிடுகிறார்கள்.

இத்தனை வசதிகளும் வருவதற்கு முன்பே, 1945இல், போட்டரும் குளோட்டும் புல்லம் என்பவரும் ஒரு முழுக் கலத்தின் இலத்திரன் படத்தை முதன்முதலாக வெளியிட்டிருந்தார்கள். கோழிக்குஞ்சுக் கருவுயிரின் கலங்களை மெல்லிய பிளாஸ்திக் படலத்தின்மேல் வளர்த்தபோது, கலத்தின் ஓரங்கள் மெலிந்து பரந்தன. அந்த ஓரங்களின் ஊடே இலத்திரன்கள் சென்றன. அதில் பின்னல் வேலைப்பாடு போன்ற ஒரு வலை தெரிந்தது. போட்டர் பின்னர் அதற்கு அகமுதலுருச் சிறுவலை என்று நாம் வழங்கும் பெயரை இட்டார்.

இவ்விடத்தில், நேயர்களே, நீங்கள் ஒரு வினாவை எழுப்பலாம். அரைத்துச் சுழற்றிய கூழில் இருப்பது கலத்தின் உறுப்பா, அரைத்ததனால் உண்டான குப்பையா? நஞ்சில் ஊறி, நீரிழந்து, பிளாஸ்திக்கில் உறைந்து, பாரமான உலோகம் ஏறிய சீவலில் தெரிவது கலத்தின் வடிவமா, அதற்கு நாம் செய்த கொடுமையின் வடிவமா? இது வெறும் வாதத்துக்காகக் கேட்கும் கேள்வியன்று. இரண்டு முறைகளும் அறிஞர்களை ஏமாற்றிய வரலாறு உண்டு.

குளோட் பெயரிட்ட மைக்குரோசோமையே எடுத்துக்கொள்வோம். சுழற்றினால் தவறாமல் அடியிற் படிகிறது. எடையும் அமைப்பும் அளக்கப்பட்டுள்ளன. ஆயினும் கலத்தின் மெல்லிய சீவலைப் பார்த்தால் அத்தகைய தனி உருண்டை எங்கும் காணப்படவில்லை. 1956இல் பலாடேயும் சீக்கெவிற்சும் ஈரலைச் சீவியும் பார்த்தார்கள். அரைத்துச் சுழற்றிய வண்டலையும் அதே முறையிற் சீவிப் பார்த்தார்கள். உண்மை வெளிப்பட்டது. அகமுதலுருச் சிறுவலை அரைக்கப்படும்போது துண்டு துண்டாகக் கிழிகிறது. கிழிந்த ஒவ்வொரு துண்டும் தன் வாயை மூடிக்கொண்டு சிறு பையாகிறது. அந்தப் பையே மைக்குரோசோம். அதன் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த நுண்மணிகளோ பொய்யல்ல. அவை முழுக் கலத்திலும் அவ்வாறே காணப்பட்டன. அவையே புரதங்களைக் கட்டும் இறைபோசோம்கள். இங்கே பிரித்தல் தவறாகக் காட்டியதைப் பார்த்தல் திருத்தியது.

எதிர்மாறான கதையும் உண்டு. கொல்கி கண்ட வலை உண்மையானதா என்ற வழக்கு அரை நூற்றாண்டு நீடித்தது. 1949இல் பலாடேயும் குளோட்டுமே, அது சாயமிடும் முறையால் கொழுப்பு திரண்டு உண்டான பொய்த்தோற்றம் என்று வாதிட்டார்கள். ஆனால் 1954இல் டோல்ற்றனும் பீலிக்சும் மெல்லிய சீவல்களில், அடுக்கிவைத்த தட்டுக்கள் போன்ற மென்சவ்வுத் தொகுதியை அதே இடத்திற் கண்டார்கள். கொல்கி சொன்னது சரியாயிற்று. பலாடே தம் பழைய கருத்தைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. பிற்காலத்தில் அந்த உறுப்பின் தொழிலை விளக்குவதிலேயே தம் சிறந்த உழைப்பைச் செலவிட்டார்.

படமும் பொய் சொல்லும் என்பதற்கு மீசோசோம் சான்று. பற்றீரியாக்களின் மென்சவ்வு உள்நோக்கிச் சுருண்டு ஓர் உறுப்பை ஆக்குவதாக 1950கள் முதல் படங்கள் காட்டின. பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. ஆனால் இரசாயனப் பொருளில் ஊறவைக்காமல் நொடிப்பொழுதில் உறையவைத்துப் பார்த்தபோது அந்தச் சுருளைக் காணவில்லை. ஊறவைத்த பொருளே அதனை உண்டாக்கியது என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஆதலால், ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு தீர்ப்பளிக்கலாகாது என்பதை இத்துறை தன் அனுபவத்தாற் கற்றுக்கொண்டது. இரண்டு சாட்சிகளும் ஒத்துவரும்போது எத்துணைப் பயன் விளைகிறது என்பதற்கு இலைசோசோமின் வரலாற்றைச் சொல்லலாம்.

பெல்ஜியத்தின் லூவெயின் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தியான் டி டூவ் என்பவர், இன்சுலின் ஈரலில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1949இன் இறுதியில், ஒப்பீட்டுக்காக அமிலப் பொசுபற்றேசு என்னும் நொதியத்தையும் அளந்தார். முன்பு ஈரலை வேகமான அலகுப் பொறியிலிட்டு அடித்தபோது கிடைத்த அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே, மெதுவாக உடைத்த புதிய கூழிற் கிடைத்தது. அளவையிற் பிழை என்று எண்ணிக் கூழைக் கொட்டிவிடவில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்து, ஐந்து நாட்களின் பின் மீண்டும் அளந்தார்கள். நொதியம் முழு அளவில் இருந்தது. இதற்கு அவர் கண்ட விளக்கம், நொதியம் ஒரு மென்சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்கிறது, பை உடைந்தபின்னரே அது வெளிப்படுகிறது என்பதாகும். தொடர்ந்து சோதித்தபோது, பொருள்களைச் சிதைக்கும் வேறு சில நொதியங்களும் இதே போல் மறைந்திருந்து இதே போல் வெளிப்பட்டன. 1955இல் அந்தப் பைக்கு இலைசோசோம், அஃதாவது சிதைக்கும் உடல், என்று பெயரிட்டார்.

அப்பொழுது வரை அதனைக் கண்ணாற் கண்டவர் எவருமில்லை. கணக்கின் வழியே மட்டும் இருப்பு அறியப்பட்ட உறுப்பு அது. அதே ஆண்டில் அலெக்ஸ் நோவிக்கொவ் என்னும் அமெரிக்க அறிஞர் லூவெயினுக்கு வந்து, டி டூவ் பிரித்த கூறை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். மென்சவ்வால் சூழப்பட்ட அடர்ந்த உடல்கள் அங்கே இருந்தன.

இதனால் மனிதருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். 1932இல் பொம்பே என்னும் ஒல்லாந்து நாட்டு மருத்துவர், இதயம் அளவுமீறிப் பருத்து ஏழு மாதத்தில் இறந்த ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். அதன் இதயத்திலும் தசையிலும் கிளைக்கோசன் என்னும் சேமிப்பு மாப்பொருள் நிறைந்து கிடந்தது. அந்நோயின் காரணத்தை அவர் அறியவில்லை. உலகப் போரின் இறுதியில், 1945இல், நாசிப் படையினர் அவரைக் கொன்றார்கள். அக்குழந்தைகளின் கிளைக்கோசனோ இயல்பானதே. அதனைக் கரைப்பதற்கென அறியப்பட்டிருந்த நொதியங்களும் குறைவின்றி இருந்தன. பின் ஏன் அது தேங்குகிறது?

1963இல் டி டூவின் சக ஆய்வாளரான ஹேர்ஸ் இதற்கு விடை கண்டார். நலமுள்ள திசுவின் இலைசோசோமுக்குள் கிளைக்கோசனைச் சிதைக்கும் வேறொரு நொதியம் உண்டு. இந்தக் குழந்தைகளிடம் அது ஒன்றுமட்டும் இல்லை. இலைசோசோமுக்குள் புகுந்த கிளைக்கோசன் வெளியேற வழியின்றித் தேங்கி, பையைப் பருக்கச் செய்து, கலத்தை நெருக்கிக் கொல்கிறது. மறு ஆண்டில் நோயாளியின் ஈரலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, மென்சவ்வுக்குள் அடைபட்ட கிளைக்கோசன் கண்கூடாகத் தெரிந்தது. பிரித்தெடுத்த கூறு எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லிற்றோ, அங்கேயே படமும் காட்டியது.

இல்லாத நொதியத்தை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்னும் எண்ணம் இதிலிருந்து பிறந்தது. கலம் வெளியிலிருந்து விழுங்குவது பெரும்பாலும் இலைசோசோமையே சென்றடையும். நெடுங்கால முயற்சிக்குப் பின், 2006இல், அந்த நொதியத்தை நாளத்தின் வழியே செலுத்தும் மருத்துவம் பயன்பாட்டுக்கு வந்தது. அது நோயை முற்றாக நீக்குவதில்லை. ஆயினும், முதலாவது பிறந்தநாளைக் காண்பதே அரிதாயிருந்த குழந்தைகள் பலர் நடக்கவும் பாடசாலை செல்லவும் அதனால் முடிந்திருக்கிறது. இலைசோசோமின் குறைபாட்டால் வரும் நோய்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன. ஐந்து நாட் பழைய ஈரற்கூழைக் கொட்டாமல் வைத்திருந்த செயலின் பயன் அவ்வளவு தூரம் சென்றிருக்கிறது.

இரண்டு வழிகளையும் ஒன்றாகப் பிணைத்துப் பலாடே செய்த ஒரு சோதனையையும் கூறவேண்டும். சதையியின் கலங்கள் சமிபாட்டு நொதியங்களை ஆக்கி வெளியே அனுப்புகின்றன. அந்தப் புரதம் கலத்தினுள் எவ்வழியாகப் பயணஞ் செய்கிறது? 1967இல் ஜேமிசனும் பலாடேயும் கினியாப் பன்றியின் சதையித் துண்டுகளுக்குக் கதிர்வீசும் அமினோவமிலத்தை மூன்று நிமிடம் மட்டும் ஊட்டினார்கள்; பிறகு சாதாரண உணவைக் கொடுத்தார்கள். அந்த மூன்று நிமிடத்தில் ஆன புரதம் மட்டும் கதிர்க்குறி தாங்கியிருக்கும். பின்னர் வெவ்வேறு நேரங்களில் துண்டுகளை நிறுத்தி, சிலவற்றைச் சுழற்றிக் கூறுகளாக்கி அளந்தார்கள். சிலவற்றைச் சீவி ஒளிப்படப் பூச்சின்கீழ் வைத்துப் பார்த்தார்கள். குறி முதலில் அகமுதலுருச் சிறுவலையில் இருந்தது. சில நிமிடங்களில் கொல்கி உறுப்பின் ஓரத்தை அடைந்தது. இரண்டு மணி நேரமளவில், வெளியேறக் காத்திருக்கும் சேமிப்பு மணிகளில் இருந்தது. அசையாத படங்களைக் கொண்டே ஓர் அசைவைக் கண்டறிந்த திறமை இது. குளோட், டி டூவ், பலாடே ஆகிய மூவருக்கும் 1974ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அதன்பின் முறைகள் மேலும் வளர்ந்துள்ளன. அடியில் தடித்தும் மேலே நீர்த்தும் இருக்கும் சர்க்கரைக் கரைசலில் சுழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் அதன் அடர்த்திக்கு ஒத்த படையில் நிறுத்துகிறார்கள். இவ்வாறு மையநீக்கியின் துணையோடு தூய்மையாக்கிய இறைபோசோம்களைப் பளிங்குகளாக்கி ஆராய்ந்ததற்காக, சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009இல் வேறிருவரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நீரை அகற்றாமலே பார்க்கும் வழியும் கிடைத்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஜாக் டுபோஷேயும் அவருடன் உழைத்தவர்களும் நீரை மிக விரைவாகக் குளிரச் செய்தார்கள். பளிங்காவதற்கு அவகாசமின்றி நீர் கண்ணாடி போல் உறைந்தது. அதில் உறைந்த பொருளும் உயிரோடிருந்த வடிவிலேயே நின்றது. நஞ்சும் சாயமும் பிளாஸ்திக்கும் இல்லாமலே இலத்திரன் படம் எடுக்க இது வழிசெய்தது. அவர் 2017இல் வேறிருவரோடு நோபெல் பரிசைப் பெற்றார்.

கருவிகள் எவ்வளவு திருந்தினாலும், பழைய கேள்வி இன்னும் ஆய்வுகூடத்தில் கேட்கப்பட்டே வருகிறது. நான் கண்டது கலத்தில் உள்ளதா, என் முறையால் உண்டானதா? குளோட் நோயில்லாத கோழிக்குஞ்சையும் அரைத்துப் பார்த்தது இக்கேள்வியினால். பலாடே தம் வண்டலையே சீவிப் பார்த்ததும், டி டூவ் ஒத்துவராத அளவையை ஒதுக்கிவிடாததும் இதனால்தான். மாணவர்களாகிய நேயர்கள் நாளை ஆய்வுகூடத்தில் ஒரு சீவலையோ வண்டலையோ கையில் எடுக்கும்போது, அதனைக் குறித்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வேறொரு முறையாலும் அதே விடை வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வராவிட்டால் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், கூழைக் கொட்டிவிடாதீர்கள்.